நாயின் தோலில் திரும்பத் திரும்ப வரும் கட்டிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாயைத் தடவிக் கொடுக்கும்போது கையில் ஒரு உருண்டை தட்டுப்பட்டதும் எல்லோரும் கேட்கிற கேள்விகள் இவை. பெரும்பாலும் பைக்கட்டிகளைப் பற்றித்தான். ஆனால் பைக்கட்டிதானே என்று வேறொன்றைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறவர்களும் நிறைய இருப்பதால், அதைப் பற்றியும் நடுநடுவே வரும்.

இந்தக் கட்டிக்குள் என்னதான் இருக்கிறது?

பெரும்பாலும் உதிர்ந்த தோல்தான். மயிர்க்காலின் உள்சுவரிலிருந்து பழைய செல்கள் ஓயாமல் உதிர்ந்து, முடியோடு சேர்ந்து வெளியே வந்துகொண்டே இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு, காயம், அழற்சி என ஏதோ ஒரு காரணத்தால் அந்த வாய் அடைபட்டால் உதிர்ந்ததெல்லாம் உள்ளேயே தங்கிவிடும், மயிர்க்கால் மெல்ல விரிந்து ஒரு பையாகிவிடும், அதுதான் பைக்கட்டி. உடைந்தால் வெள்ளையாகவோ சாம்பல், பழுப்பு நிறத்திலோ பற்பசை மாதிரி ஒன்று வருமே, அது கெரட்டின், தோலிலும் முடியிலும் இருக்கும் புரதம். நாற்றமும் இருக்கும். சீட்டில் டாக்டர் ‘செபேஷியஸ் சிஸ்ட்’ என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்.

உள்ளே தெளிந்த நீர் இருந்து, மேல்தோல் லேசாக நீலம் பூத்துத் தெரிந்தால் அது வியர்வைச் சுரப்பி வழியாக வந்த நீர்க்கட்டியாக இருக்கலாம், தலையிலும் கழுத்திலும் இது வரும். வயதான பூடில், காக்கர் ஸ்பானியல் நாய்களுக்கு மரு போலப் பூத்து நிற்பவை பெரும்பாலும் எண்ணெய்ச் சுரப்பியே பெருத்து வருபவை. அவற்றில் பை கிடையாது, பிதுக்கினாலும் ஒன்றும் வராது, ரத்தம்தான் வரும்.

போன வருஷம் உடைந்து ஆறிப்போனது, இப்போது மறுபடி வந்திருக்கிறது. ஏன்?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: அதே இடத்தில் வந்திருக்கிறதா, வேறு இடத்தில் வந்திருக்கிறதா? இரண்டையும் ‘திரும்ப வந்துவிட்டது’ என்றுதான் சொல்கிறோம், ஆனால் இரண்டுக்கும் காரணமும் வேறு, வைத்தியமும் வேறு.

அதே இடத்தில் என்றால் கதை எளிது. உள்ளே இருந்த சரக்கு வெளியே போனது, பை போகவில்லை. அந்தப் பையின் சுவர்தான் கெரட்டினை உதிர்க்கிறது, சுவர் கொஞ்சம் மிஞ்சினாலும் சில வாரத்திலோ சில மாதத்திலோ மறுபடி நிரம்பும். ஊசியால் உறிஞ்சி எடுத்தாலும், கீறிச் சீழை வடித்தாலும், தானாக உடைந்தாலும் முடிவு இதுதான். பையோடு வெட்டி எடுத்தால் அந்த இடத்தில் மறுபடி வருவது அரிது.

முழுசாக எடுத்தும் அதே தழும்பில் வந்தால் அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். முதல் தடவை எடுத்ததை லேபுக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள். அனுப்பவில்லை என்றால் இந்த முறை கட்டாயம் அனுப்பச் சொல்லுங்கள்.

புதுப்புது இடங்களில் வருகிறது என்றால் கட்டி ஒவ்வொன்றையும் துரத்திக்கொண்டு போவதில் பிரயோஜனம் இல்லை, தோலில் என்ன கோளாறு என்று பார்க்க வேண்டும். அதற்குத் தனியாகக் கீழே வருகிறேன்.

நானே பிதுக்கி எடுத்துவிடலாமா? வீடியோவில் எல்லாம் அப்படித்தானே செய்கிறார்கள்?

வேண்டாம். வீடியோவில் வெளியே வருவது மட்டும்தான் தெரியும், அழுத்தும்போது பை உள்பக்கமாகக் கிழிந்து தோலுக்கடியில் சிதறுவது தெரியாது. கெரட்டின் பைக்குள் இருக்கும்வரை உடம்பு அதைக் கண்டுகொள்ளாது. பையை விட்டு வெளியே சதையில் கலந்துவிட்டால் முள் குத்தியதைப் போலவே நடத்தும்: வீங்கும், சிவக்கும், சீழ் பிடிக்கும், பட்டாணி அளவில் சும்மா கிடந்தது நெல்லிக்காய் அளவில் வலிக்கிற புண்ணாகும். அதற்குப் பிறகு ஆபரேஷன் செய்வதும் கஷ்டம், ஏனென்றால் பை எங்கே முடிகிறது, நல்ல தோல் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் பிதுக்குவது பைக்கட்டியே இல்லாமல் மாஸ்ட் செல் கட்டி என்ற ஒருவகைப் புற்றுக்கட்டியாக இருந்தால், கசக்கக் கசக்க அதிலிருந்து ஹிஸ்டமின் என்ற அலர்ஜி உண்டாக்கும் பொருள் வெளியாகிச் சுற்றிலும் தடித்துச் சிவக்கும், நிறைய வெளியானால் நாய்க்கு வாந்தி வரலாம், சோர்ந்து விழவும் செய்யலாம்.

அப்படியானால் புற்றுநோயா இல்லையா என்று எப்படித் தெரியும்?

கையால் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. அனுபவமுள்ள டாக்டராலும் முடியாது, நல்ல டாக்டர் அதை ஒப்புக்கொள்வார். மென்மையாக இருக்கிறது, நகர்கிறது, வலிக்கவில்லை, அதனால் ஒன்றுமில்லை என்பது காலங்காலமாகச் சொல்லிவருவது, ஆனால் நாய்களுக்குத் தோலில் வரும் புற்றுக்கட்டிகளில் அதிகம் காணப்படும் மாஸ்ட் செல் கட்டியே மென்மையாக, நகர்கிறதாக, கொழுப்புக் கட்டி மாதிரியே இருக்கலாம். பாக்ஸர், பக், லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் வைத்திருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது ஊசிப் பரிசோதனை. மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்திக் கொஞ்சம் செல்களை எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவிச் சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். மயக்க மருந்து தேவையில்லை, தடுப்பூசிக்குத் துள்ளாத நாய் இதற்கும் துள்ளாது. ஒரு சென்டிமீட்டரை, அதாவது பெரிய பட்டாணி அளவைத் தாண்டிய கட்டியோ, ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே நிற்கிற கட்டியோ இருந்தால் ஊசி போட்டுப் பார்த்துவிடுவது நல்ல வழக்கம். ‘பார்க்கலாம், பெரிசானால் வாங்க’ என்றால், இப்போதே பார்த்துவிடலாமே டாக்டர் என்று நீங்களே கேளுங்கள், தப்பில்லை.

ஊசியில் வெறும் கெரட்டின் வந்தாலும் நூற்றுக்கு நூறு நிம்மதி என்று சொல்ல மாட்டேன், சில மயிர்க்கால் கட்டிகளுக்குள்ளும் கெரட்டின் இருக்கும். ஆனால் மாஸ்ட் செல் மாதிரியானவை பெரும்பாலும் இதில் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் ஊசிப் பரிசோதனைக்கு முன்னால் ஸ்டீராய்டு ஊசி போட்டு ‘கரைய வைக்க’ ஒத்துக்கொள்ளாதீர்கள், கட்டி தற்காலிகமாகச் சுருங்கிப் பரிசோதனை முடிவைக் குழப்பிவிடும்.

வேகமாகப் பெருத்தால், ஒருநாள் பெரிதாகவும் மறுநாள் சின்னதாகவும் தெரிந்தால், தானாக ரத்தம் கசிந்தால், மேல்தோல் புண்ணாகி ஆறாமல் இருந்தால், கண் இமை, உதடு, மலவாய் ஓரத்தில் வந்தால் காத்திருக்க வேண்டாம். கருத்தடை செய்யாத பெட்டை நாய்க்கு மடிக்காம்பு வரிசையில் உருண்டை தென்பட்டால் அதைத் தோல் கட்டி என்று நினைக்கவே கூடாது, மார்புக் கட்டியாகத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு வயதுகூட ஆகாத குட்டிக்குச் சிவப்பாகப் பொத்தான் மாதிரி ஒன்று வந்திருக்கிறது.

ஹிஸ்டியோசைட்டோமா என்ற கெடுதல் இல்லாத கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். இளம் நாய்களுக்கு முகம், காது, கால்களில் வரும், இரண்டு மூன்று மாதத்தில் தானாகவே வற்றிவிடும். இதையும் ஊசி போட்டு உறுதி செய்துகொண்டு காத்திருங்கள்.

விரல் இடுக்கில் மாறி மாறி வருகிறது. ஒன்று ஆறினால் பக்கத்தில் இன்னொன்று. இதுவும் பைக்கட்டிதானா?

இல்லை, ‘இன்டர்டிஜிட்டல் சிஸ்ட்’ என்று பெயர் மட்டும்தான் அப்படி. எல்லோரையும் அதிகமாக அலைக்கழிப்பதும் இதுதான்.

லாப்ரடார், புல்டாக் மாதிரி குட்டையான, முரட்டு முடியுள்ள நாய்களுக்கு நடக்கும்போதும் நக்கும்போதும் விரலிடுக்கு முடி பின்பக்கமாகத் தோலுக்குள் அழுந்தும். மயிர்க்கால் உடையும், முடியும் கெரட்டினும் சதைக்குள் சிதறும், ஸ்டாஃப் என்ற பாக்டீரியாக் கிருமியும் சேர்ந்துகொள்ளும். சிவந்த, பளபளப்பான கொப்புளம் எழும், உடைந்தால் ரத்தம் கலந்த நீர் வரும், நாய் நொண்டும். ஆறும்போது விழும் தழும்பு அடுத்த மயிர்க்காலை அடைக்கும், அதனால்தான் பக்கத்திலேயே இன்னொன்று.

இதை ஒரு வாரம் ஆன்டிபயாட்டிக் கொடுத்து முடிக்கப் பார்ப்பதுதான் நம்மிடம் வழக்கம், அதனால்தான் முடியாமலே போகிறது. ஆழமான தொற்று என்பதால் பல வாரம் ஆகும், மேலே ஆறியதாகத் தெரிந்த பிறகும் டாக்டர் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது. இரண்டாவது முறையும் வந்துவிட்டால் சீழைக் கல்ச்சருக்கு அனுப்பி எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று பார்த்த பிறகுதான் அடுத்த மாத்திரை. கூடவே தோலைச் சுரண்டி டெமோடெக்ஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத நுண்பூச்சி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், அது இருந்தால் எத்தனை ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் பலன் இல்லை.

மூல காரணம் பெரும்பாலும் அலர்ஜி. அரிப்பில் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கும் நாய்க்கு அரிப்பை அடக்காமல் கொப்புளத்தை மட்டும் பார்த்தால் அது வருஷக்கணக்கில் இழுக்கும். எடையும் ஒரு காரணம், குண்டு நாயின் பாதம் அகன்று முடி தரையில் படுகிறது, நாலைந்து கிலோ குறைத்ததும் பாதி தொல்லை போனவர்களைப் பார்த்திருக்கிறேன். நடந்துவிட்டு வந்ததும் பாதத்தைக் கழுவி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடைத்து, டாக்டர் சொன்ன குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கரைசலில் நனைத்த பஞ்சால் ஒற்றுங்கள்.

ஒரே காலில், ஒரே இடத்தில் மட்டும் வந்தால் கதை வேறு. சீமைக் கருவேல முள் முறிந்து உள்ளே தங்கியிருக்கலாம், அல்லது கட்டியாக இருக்கலாம். அந்தக் காலைத் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள்.

உடம்பெங்கும் புதுப்புது இடங்களில் வந்தால் என்ன டெஸ்ட் எடுப்பது?

முதலில் நாயின் இனத்தைப் பாருங்கள். ஷிட்ஸு, பாக்ஸர், பாசெட் ஹவுண்ட் மாதிரி சில இனங்களுக்கு இது பிறவி வாகு. ஷ்னாஸருக்கு முதுகுத்தண்டு நெடுக முள் முள்ளாகக் கரும்புள்ளிகள் வரும். இவற்றுக்குக் காரணத்தைத் தேடி அலைவதைவிடத் தோலைப் பராமரிப்பதுதான் வேலை.

அப்படி இல்லாமல், நடுத்தர வயதில் திடீரென்று வரத் தொடங்கினால் ஹார்மோன்களைப் பார்க்க வேண்டும். தைராய்டு குறைந்தால் நாய் மந்தமாகும், எடை கூடும், இரண்டு பக்கமும் சமமாக முடி கொட்டும். குஷிங் நோய், அதாவது உடம்பில் ஸ்டீராய்டு ஹார்மோன் மிகும் நோய் என்றால், தண்ணீர் நிறையக் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், வயிறு தொங்கும், தோல் மெலியும், மயிர்க்கால்கள் அடைந்து கரும்புள்ளிகள் வரும். அரிப்புக்கென்று மாதக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுத்தாலும் இதே நிலைதான், இதைப் பலர் டாக்டரிடம் சொல்ல மறந்துவிடுகிறார்கள், ஏற்கெனவே கொடுத்த மருந்துச் சீட்டையெல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள்.

அப்புறம் தெள்ளு, உண்ணி, பூஞ்சை. இவை பைக்கட்டி உண்டாக்குவதில்லை, ஆனால் தோலைச் சொறிய வைத்து மயிர்க்காலைக் கெடுக்கும்.

முழங்கையில் பெரிய நீர்ப்பை தொங்குகிறது, வலியில்லை.

ஹைக்ரோமா. கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட், லாப்ரடார் மாதிரி கனமான நாய்கள் டைல்ஸிலும் கிரானைட்டிலும் தொப்பென்று விழுந்து படுத்துப் படுத்து வருவது. ஊசியால் நீரை எடுத்தால் மறுபடி ஊறும், தொற்று வேறு சேரும். தடிமனான படுக்கை போடுங்கள், நாய் அதில்தான் படுக்கிறதா என்றும் பாருங்கள், ஏனென்றால் வெயில் காலத்தில் அவை மெத்தையை விட்டுவிட்டுக் குளிர்ந்த தரைக்குத்தான் போகும். படுக்கைக்கு மேலே ஃபேன் காற்று படும்படி வைத்தால் தங்கும்.

மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போடலாமா? வேறு கை வைத்தியம்?

சுண்ணாம்பு தோலைச் சுடும், நாய் நக்கினால் வாயையும் சுடும். மஞ்சள் மட்டும் என்றால் பெரிய கெடுதல் இல்லை, சோபாதான் மஞ்சளாகும், ஆனால் தோலுக்கடியில் இருக்கும் பையை அது கரைக்காது. வேப்பிலைத் தண்ணீரும் அப்படியே. தேங்காய் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே இருப்பது ஏற்கெனவே அடைபட்ட மயிர்க்காலை இன்னும் அடைக்கும். டீ ட்ரீ எண்ணெய் இயற்கையானது என்று ஆன்லைனில் வாங்கித் தடவுகிறார்கள், அது நாய்க்கு விஷம். பழைய என்ஜின் ஆயிலைச் சொறிக்குப் பூசுகிற பழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது, அதைச் செய்கிறவரைப் பார்த்தால் தயவுசெய்து தடுங்கள்.

சிவந்து வலிக்கிற கட்டிக்கு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஐந்து பத்து நிமிடம் ஒற்றடமாக வைக்கலாம், தினமும் இரண்டு மூன்று தடவை. அழுத்த வேண்டாம். வலிக்கு நம் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள்: ஐபுபுரூஃபன் குடலைப் புண்ணாக்கிக் கிட்னியைக் கெடுக்கும், பாராசிட்டமால் அளவு தப்பினால் ஈரல் போகும்.

நடுராத்திரியில் தானாக உடைந்துவிட்டது. என்ன செய்ய?

சுற்றியுள்ள முடியைக் கத்தரித்துவிட்டு, சலைன் அல்லது கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரால் கழுவுங்கள். வந்தது வந்தபடி இருக்கட்டும், மிச்சத்தைப் பிதுக்காதீர்கள். நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டுங்கள், உடம்புப் பகுதி என்றால் பழைய டி-ஷர்ட்டும் போதும். காலையில் டாக்டர்.

நம் ஊரில் இதைவிடப் பெரிய தொல்லை ஈ. திறந்த புண்ணில் ஈ முட்டை வைத்தால் ஒரே நாளில் புழு பொரித்துவிடும், முடி அடர்ந்த நாய்க்கு நாற்றம் வரும்வரை வெளியே தெரியாது. மழைக்காலத்தில் உடைந்த கட்டியோடு நாயை வாசலில் கட்டிப்போடாதீர்கள். புழு வைத்துவிட்டால் பினாயில் ஊற்றக் கூடாது, டர்பன்டைன் ஊற்றுவதும் எரிச்சல்தான், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் எடுக்க வேண்டும்.

ஆபரேஷன் எப்போது அவசியம்? முன்னால் என்ன கேட்டுக்கொள்வது?

சின்னதாக, வளராமல், ஊசியில் கெரட்டின் என்று தெரிந்து, நாய்க்குத் தொந்தரவு இல்லாமல் இருந்தால் விட்டுவிடலாம், நாலு கட்டியோடு நிம்மதியாக வாழ்ந்து முடித்த நாய்கள் ஏராளம். அடிக்கடி உடைந்தால், சீழ் பிடித்தால், பெல்ட் உரசும் இடத்திலோ இமையிலோ இருந்தால், பரிசோதனையில் சந்தேகம் இருந்தால் எடுத்துவிடுங்கள். சீழ் பிடித்திருக்கும்போது அவசரமாக வெட்டுவதைவிட மருந்து கொடுத்து வீக்கத்தை வடியவிட்டு, பிறகு பையை முழுசாக எடுப்பதுதான் நல்லது.

முன்னால் ரத்தப் பரிசோதனை கட்டாயம், அதுவும் நம் ஊரில் தட்டணுக்களைப் பார்க்காமல் கத்தி வைக்கக் கூடாது. உண்ணிக் காய்ச்சல், அதாவது எர்லிகியா, வெளியே ஒன்றுமே காட்டாமல் உள்ளே இருந்துகொண்டு தட்டணுக்களைக் குறைத்துவிடும், சின்னக் கட்டிக்குப் போய் ரத்தம் நிற்காமல் தவிக்க வேண்டி வரும். முந்தின ராத்திரி எத்தனை மணிவரை சாப்பாடு கொடுக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல கட்டிகள் இருந்தால் ஒரே மயக்கத்தில் எடுக்க முடியுமா, பல் சுத்தம் செய்வதையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்றும் கேளுங்கள்.

எடுத்ததைக் குப்பையில் போட விடாதீர்கள். ஃபார்மலினில் போட்டு நோய்க்குறியியல் லேபுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பக்கத்தில் வசதி இல்லை என்றால், சென்னை வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகள் இருக்கின்றன. தையல் பிரிக்கப் பத்து முதல் பதினான்கு நாள். அதுவரை கூம்பைக் கழற்றச் சொல்லி நாய் கெஞ்சும், கழற்றாதீர்கள்.

ஆபரேஷன் இல்லாமல் மாத்திரையில் போகாதா?

இருக்கும் பையை எந்த மாத்திரையும் கரைக்காது. ஆன்டிபயாட்டிக் தொற்றை அடக்கும், அவ்வளவுதான். நிறையக் கட்டிகள் வந்துகொண்டே இருக்கும் நாய்களுக்குச் சில தோல் நிபுணர்கள் ஐசோட்ரெட்டினாயின், அசிட்ரெட்டின் போன்ற மருந்துகளைத் தருவதுண்டு, சிலவற்றுக்கு நன்றாகவே பலன் கொடுக்கும். ஆனால் ஈரல், கொழுப்பு அளவு, கண் வறட்சி எல்லாம் கண்காணிக்க வேண்டும், வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த மாத்திரையைத் தொடவே கூடாது, கருவுக்கு ஆபத்து. சின்னச் சின்னதாக நிறைய இருந்தால் லேசர் வசதி உள்ள இடத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

கோழிக்கறி போட்டதால்தான் உடம்பு சூடாகிக் கட்டி வந்தது என்கிறார் பாட்டி. உண்மையா?

சூடு என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் உங்கள் பாட்டி கோழியைச் சந்தேகப்பட்டதில் தற்செயலாக ஒரு நியாயம் இருக்கலாம்: மாட்டிறைச்சி, பால், கோழி ஆகியவை நாய்களுக்கு உணவு அலர்ஜி தருவதில் முன்னால் நிற்பவை. வருஷம் முழுக்கப் பாதம் நக்கி, காது சொறிந்து, கூடவே கட்டியும் வருகிறது என்றால், இதுவரை சாப்பிடாத ஒரு புரதத்தை மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்க்க டாக்டர் சொல்வார். எட்டு வாரம் என்றால் நடுவில் ஒரு பிஸ்கட்கூடக் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

மற்ற நாய்க்கோ குழந்தைகளுக்கோ தொற்றுமா?

பைக்கட்டி தொற்றாது. ஆனால் வட்டமாக முடி கொட்டும் படையும், ஒருவகைச் சொறியும் மனிதருக்கும் வரும். வீட்டில் இன்னொருவருக்கும் அரிப்பு இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

குளிப்பாட்டுவது எப்படி?

நம் சோப்பு வேண்டாம். கட்டி வரும் வாகுள்ள நாய்க்கு, டாக்டர் சொல்லும் குளோர்ஹெக்சிடின் ஷாம்பு அல்லது பிசுக்கு நீக்கும் ஷாம்பு, வாரம் ஒன்று அல்லது இரண்டு தடவை. தேய்த்ததும் கழுவிவிடுகிறார்கள், அதனால் பலனில்லை, பத்து நிமிடம் தோலில் ஊறட்டும். கரடுமுரடான பிரஷ்ஷால் கட்டியின் மேல் தேய்க்காதீர்கள், கிளிப்பர் போடுகிறவரிடம் கட்டிகள் எங்கெங்கே என்று முன்கூட்டியே காட்டிவிடுங்கள், இல்லையென்றால் மேலே சீவிவிடுவார்.

பன்னிரண்டு வயது நாய். இத்தனை கட்டிகளில் எது புதுசு, எது பழசு என்றே தெரியவில்லை. இந்த வயதில் ஏதாவது செய்ய வேண்டுமா?

வயது மட்டும் ஆபரேஷனுக்குத் தடை இல்லை, இதயமும் கிட்னியும் எப்படி என்பதுதான் கேள்வி. எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதும் இல்லை. ஒரு தாளில் நாயின் உருவத்தை மேலிருந்தும் கீழிருந்தும் சும்மா கோடாக வரைந்துகொள்ளுங்கள். மாதம் ஒருமுறை மூக்கிலிருந்து வால்வரை தடவிப் பார்த்து, கட்டி இருக்கும் இடத்தில் புள்ளி வைத்து, தேதியும் அளவும் எழுதுங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து போனில் படம் எடுத்தால் அளவு பிசகாது. ஊசி போட்டுப் பார்த்தவற்றுக்குப் பக்கத்தில் முடிவையும் எழுதிவிடுங்கள், அடுத்த முறை வேறு டாக்டரிடம் போனாலும் எதற்கு மறுபடி ஊசி வேண்டும், எதை விடலாம் என்று அவர் அந்தத் தாளைப் பார்த்தே சொல்லிவிடுவார்.